நாய்க்குப் பாதி நேரம், பட்ஜெட்டுக்கு ஐந்து நிமிடம்

2026 குடியரசு தினத்தன்று எங்கள் பேட்டையில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் பாதி நேரம் நாய்க்கே போய்விட்டது. குறையாகச் சொல்லவில்லை. 2024-ல் எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் மொத்தம் 1.8 லட்சம் தெருநாய்கள் என்று வந்தது, அதில் பெரும்பாலானவை எங்கள் தெருமுனைப் பால் பூத்தைச் சுற்றித்தான் படுத்திருக்கின்றன என்று இங்கே அடித்துச் சொல்வார்கள். நாய்க்குச் சோறு வைப்பவர்கள் ஒரு பக்கம், கடி வாங்கியவர்கள் ஒரு பக்கம், நடுவில் கவுன்சிலர். "பிடிச்சிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டு, திரும்ப அதே இடத்துலதான் விடணும், சட்டம் அப்படி" என்று அவர் சொல்லச் சொல்ல, "அப்ப எங்களைப் பிடிச்சிட்டுப் போய் வேற எங்கயாவது விட்டுடுங்க மேடம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அதற்கப்புறம் குப்பை வண்டி, தெருவிளக்கு, காலி மனையில் ராவோடு ராவாகக் கட்டடக் கழிவைக் கொட்டிவிட்டுப் போகும் லாரி, அப்புறம் மறுபடியும் நாய்.

"வேற ஏதாவது இருக்கா?" என்று கேட்டபோது பாதிப் பேர் கொடியேற்றத்துக்குக் கொடுத்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். அப்போதுதான் எங்கள் பக்கத்துத் தெரு பெரியவர் ஒருவர் எழுந்தார். தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. "மேடம், போன வருஷம் நம்ம வார்டுக்கு எவ்வளவு பணம் வந்துச்சு, எது எதுக்குச் செலவாச்சு, இந்த வருஷம் என்ன கேட்டிருக்கீங்க?" அவ்வளவுதான் கேட்டார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பேசியது மொத்தமே ஐந்து நிமிடம் இருக்கும். ஆனால் அன்று உருப்படியாக நடந்தது அந்த ஐந்து நிமிடம்தான் என்பது என் அபிப்பிராயம். அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பகுதி சபை என்றால் என்ன என்று கேட்பவர்கள்தான் அதிகம், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராமத்தில் கிராம சபை இருப்பது எல்லோருக்கும் தெரியும், டிவியிலேயே காட்டுகிறார்கள். நகரத்தில் அப்படி ஒன்று பல வருஷம் இல்லவே இல்லை. 1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தத்திலேயே பெரிய நகரங்களுக்கு வார்டு குழு வேண்டும் என்று எழுதியிருந்தாலும், தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் முறையான விதிகள் வந்தது 2022-ல்தான். முப்பது வருஷம். முதல் கூட்டங்கள் அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. சென்னையில் 200 வார்டு, வார்டுக்குப் பத்துப் பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு உறுப்பினர், அந்தப் பத்துப் பேரும் கவுன்சிலரும் சேர்ந்தால் வார்டு குழு. கூட்டம் நடத்த அரசு குறித்த நாட்கள் நான்கு: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. இந்த நான்கு தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

"அதான் மாசாமாசம் ரிப்பன் மாளிகையில் மாமன்றக் கூட்டம் நடக்குதே, அங்கே போய்க் கேட்கலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்க முடியாது. அங்கே திருக்குறள் சொல்லித் தொடங்கி, கேள்வி நேரம், நேரமில்லா நேரம் எல்லாம் உண்டு. ஆனால் பேசுவது கவுன்சிலர்கள் மட்டும்தான். வெள்ளைக்காரன் ஊர்களில் குடியிருப்பவரே மைக் முன்னால் நின்று மூன்று நிமிடம் திட்டிவிட்டு வருகிற மாதிரி வீடியோ பார்த்திருப்பீர்கள், அந்த வசதி நமக்குக் கிடையாது. நமக்கு எழுந்து நின்று பேசிப் பதிவு செய்யச் சட்டப்படி இருக்கிற இடம் பகுதி சபை ஒன்றுதான். மேயர், அமைச்சர், முதல்வர் பேரில் நடக்கும் மனு முகாம்கள் வேறு. அங்கே மனு வாங்குவார்கள், தீர்மானம் எழுத மாட்டார்கள்.

நம் ஊரில் கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பதே எப்போதும் நிச்சயமாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1688-ல் தொடங்கிய மாநகராட்சி, இந்தியாவிலேயே பழையது என்று பெருமை பேசுகிறோம். அதில் 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே கிடையாது, அதிகாரிகள்தான் நடத்தினார்கள். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை மறுபடி அதே கதை. அந்த ஐந்தரை வருஷத்தில் சாக்கடை அடைத்தால் யாரிடம் சொல்வது என்று தெரியாமல் 1913-க்கு அடித்து அடித்துக் கை தேய்ந்தது. (1913 என்ற புகார் எண், ரிப்பன் மாளிகை திறந்த ஆண்டு. யாரோ ரசனையுள்ள அதிகாரி தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.) அப்படிக் காத்திருந்து வந்த தேர்தலில் சென்னையில் ஓட்டுப் போட்டது நூற்றுக்கு 43, 44 பேர்தான். அதற்கப்புறம் கவுன்சிலரைத் திட்டும்போது கொஞ்சம் குரலைத் தணித்துக்கொள்கிறேன்.

சரி, அந்த ஐந்து நிமிடம்.

பெரியவர் கேட்டதற்கு, மேடையில் கவுன்சிலருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர் ஒருவர் மைக்கை வாங்கி, "நம்ம தமிழினம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே உத்திரமேரூர்ல குடவோலை முறை கண்ட இனம்..." என்று ஆரம்பித்தார். எல்லாக் கூட்டத்திலும் உத்திரமேரூர் வந்தே தீரும். பெரியவர் விடவில்லை. "ஐயா, அதே கல்வெட்டுல இன்னொண்ணும் இருக்கு. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரையும், அவன் சொந்தக்காரன் பேரையும் குடத்துல போடக் கூடாதுன்னு எழுதியிருக்கு" என்றார். உண்மைதான், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டில் அந்த நிபந்தனை இருக்கிறது. சபையில் சிரிப்பு. மைக் மறுபடி கவுன்சிலரிடம் போனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கவுன்சிலர் அவரேதான் பேசினார், பக்கத்தில் வீட்டுக்காரர் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை. இதைக் குறிப்பிட்டுச் சொல்லவேண்டியிருப்பதே வருத்தம்தான், ஆனால் பெண்கள் ஒதுக்கீட்டு வார்டுகளில் 'கவுன்சிலர் சார்' என்று ஒரு பதவி எப்படித் தானாக முளைக்கிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர் ஒளிக்காமல் சொன்னார்: "சார், என் கையில வர்றது வார்டு மேம்பாட்டு நிதி மட்டும்தான். வருஷத்துக்கு அறுபது லட்சம். அதுல என்ன செஞ்சேன்னு லிஸ்ட் இருக்கு. மத்ததெல்லாம் ஹெட் ஆபீஸ், மண்டலம். நான் கேட்கலாம், அவங்க கொடுக்கணும்."

அறுபது லட்சம் என்றதும் முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு, என்னமோ அவர் அதை மூட்டையாகக் கட்டி வீட்டில் வைத்திருக்கிற மாதிரி. நான் அங்கேயே செல்போனில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 200 வார்டுக்கும் சேர்த்து 120 கோடி. 2025-26-க்கு மாநகராட்சி போட்ட பட்ஜெட் ஐயாயிரத்து நூறு கோடிக்கு மேல். அதாவது நூறு ரூபாயில் இரண்டு ரூபாய் சொச்சம்தான் நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்கள் இஷ்டப்பட்டுச் செலவு செய்யக்கூடிய பணம். இன்னொரு விதமாகப் பார்த்தால், விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 2011 கணக்கிலேயே சுமார் 66 லட்சம், வார்டுக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேர். அறுபது லட்சத்தைப் பங்கு போட்டால் தலைக்கு 180 ரூபாய். கால் கிலோ மட்டன்கூட வராது. அதையே பத்துப் பகுதிக்குப் பிரித்தால் பகுதிக்கு ஆறு லட்சம்.

நம் கூட்டத்தில் நாம் மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்பது இந்த இரண்டு ரூபாயைக் கையில் வைத்திருப்பவரோடு. மீதி 98 ரூபாய் சம்பளம், ஓய்வூதியம், குப்பை அள்ளும் ஒப்பந்தம், பராமரிப்பு, கடனும் வட்டியும், பெரிய வேலைகள் என்று வேறு வாசலில் போகிறது. பெரிய வடிகால் வேலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடன், தெற்கே கோவளம் படுகைக்கு ஜெர்மனி வங்கிக் கடன். எந்தத் தெரு அதற்குள் வரும், எந்தத் தெரு வராது என்பதை வரைபடத்தில் கோடு போட்டபோதே முடிவு செய்துவிட்டார்கள். அதைப் பகுதி சபையில் கேட்டால் கவுன்சிலர் பாவம் என்ன சொல்வார்?

எங்கள் பகுதி 2011-ல் சென்னையோடு சேர்ந்தது. அதற்கு முன் சென்னை 174 சதுர கிலோமீட்டர், 155 வார்டு. சுற்றியிருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். சேர்ந்தபோது நாங்கள் 'சென்னைக்காரர்' ஆகிவிட்டோம் என்று ஒரு சந்தோஷம். மனை விலையும் ஏறியது. அன்று கூட்டத்தில் ஒரு அம்மா கேட்டார்: "வரி ஏத்தும்போது மட்டும் நாங்க சென்னை, கால்வாய் போடும்போது மட்டும் புறநகரா?" கைதட்டல் பலமாக இருந்தது. நியாயமாகப் பார்த்தால் கேள்வியின் முதல் பாதி அத்தனை சரியில்லை. 2022-ல் சொத்து வரியை உயர்த்தியபோது, பழைய சென்னையில் வீடுகளுக்கு அளவைப் பொறுத்து 50 முதல் 150 சதவீதம், சேர்ந்த பகுதிகளுக்கு 25 முதல் 100 சதவீதம் என்று குறைத்துத்தான் போட்டார்கள். ஆனால் 2024-ல் 6 சதவீதம் ஏற்றியது எல்லோருக்கும்தான். இரண்டாம் பாதிக்கு, அதாவது கால்வாய்க்கு, என்னிடம் மறுப்பு இல்லை.

எங்கள் தெருவைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். இங்கே பழைய வீடுகளுக்கு வாசலில் மூன்று படி. இப்போது வெளியே தெரிவது ஒன்று. மீதி இரண்டும் ரோட்டுக்குள் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதுத் தாரைப் போட்டுப் போட்டு, எதிர்வீட்டுக்காரர் இரும்புக் கேட்டின் அடியை வெல்டரைக் கூப்பிட்டு நாலு விரற்கடை அறுத்துவிட்டார், இல்லையென்றால் கேட் திறக்காது. அறுத்த இடத்தில் இப்போது பெருச்சாளி வருகிறது என்று ஒரு பலகையை வைத்து முட்டுக் கொடுத்திருக்கிறார். பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லாத் துறைக்கும் எழுதினார். மில்லிங் என்கிற அந்த வார்த்தை இன்றைக்கு எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் பெரிய ரோட்டில் நடக்கிற மில்லிங் சந்துக்குள் வரும்போது மெஷின் நுழையவில்லை, நேரம் இல்லை, ராத்திரி ஆள் இல்லை என்று ஆகிவிடுகிறது. ஒப்பந்ததாரர் பேரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அடுத்த தெருவுக்கு வேறொருவர், அவரும் அதையேதான் செய்தார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த இரண்டு படி உயரத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கணக்கு நேராகத்தான் இருந்தது.

ரோடு போட்டு முடித்த கையோடு இன்னொரு கூத்து. தார் வாசனை போகுமுன் ஒரு சேவைத் துறை வந்து தெருவை நீளவாக்கில் வெட்டியது. எந்தத் துறை என்று சொல்லப் போவதில்லை, படிக்கிற ஒவ்வொருவருக்கும் அவரவர் தெருவில் வெட்டிய துறை நினைவுக்கு வந்திருக்கும். ரோடு வெட்ட அனுமதி வாங்கும்போது, மறுபடி சரி செய்வதற்கான பணத்தை மாநகராட்சிக்குக் கட்ட வேண்டும். பெரியவர் இதையும் பிடித்துக்கொண்டார். "கட்டினாங்களா? கட்டினாங்கன்னா அந்தப் பணம் எங்க தெருவுக்குத்தானே செலவாகணும்?" கவுன்சிலர் பக்கத்தில் நின்றிருந்த ஏ.ஈ.யை, அதாவது உதவிப் பொறியாளரைப் பார்த்தார். சின்னப் பையன், வேலைக்கு வந்து ரொம்ப நாள் ஆகியிருக்காது, கையில் ஃபைல் இல்லை, போன் மட்டும். "கட்டியிருப்பாங்க சார். ஆனா அது எங்க கணக்குக்கு வராது. பேட்ச் ஒர்க் போட வேற கணக்குத் தலைப்புல இருந்து எடுக்கணும்." அடுத்து அவர் சொன்னதுதான் எனக்கு அன்றைய கூட்டத்தின் விஷயமே. கொஞ்சம் சலிப்போடு, ஆனால் மரியாதையாகச் சொன்னார்:

"சார், புகார்னா 1913-க்கு அடிங்க, நான் வந்து பார்க்கிறேன். புது வேலைன்னா எழுதிக் குடுங்க. நீங்க இங்க சொல்ற எல்லாத்தையும் புகாரா எழுதிக்கறாங்க. புகாருக்கு நான் ஆளைத்தான் அனுப்ப முடியும், பணத்தை அனுப்ப முடியாது."

நானும் எட்டிப் பார்த்தேன். மேசை ஓரத்தில் ஒரு ஊழியர் நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். 'தெருவிளக்கு எரியவில்லை, புகார்.' 'நாய்த் தொல்லை, புகார்.' 'மழைநீர் தேங்குகிறது, புகார்.' மூன்றும் ஒரே வரிசை, ஒரே கட்டம். எரியாத விளக்குக்குப் பல்பை மாற்றினால் போதும், ஏற்கெனவே இருக்கிற பராமரிப்புப் பணத்தில் நடந்துவிடும். தண்ணீர் தேங்குவதற்கு அப்படி இல்லை. எங்கள் தெருமுனை வரை வருகிற வடிகால் பிரதான சாலை வடிகாலோடு சேரவில்லை, நடுவில் ஒரு துண்டு விட்டுப்போயிருக்கிறது. பொறியாளர்கள் பாஷையில் மிஸ்ஸிங் லிங்க். அந்தத் துண்டைக் கட்ட எஸ்டிமேட் போட வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், பட்ஜெட்டில் ஏதாவது ஒரு தலைப்பில் பணம் இருக்க வேண்டும், அப்புறம்தான் டெண்டர், ஒர்க் ஆர்டர். அதைப் புகாராகக் கொடுத்தால் என்ன நடக்கும்? ஒரு லாரி வந்து தேங்கிய தண்ணீரை உறிஞ்சிவிட்டுப் போகும், புகார் 'தீர்க்கப்பட்டது' என்று நமக்குக் குறுஞ்செய்தி வரும். ஒவ்வொரு மழைக்கும் இதேதான் வந்துகொண்டிருந்தது. பொய்யும் இல்லை, அந்தப் புகார் தீர்ந்ததுதான்.

எந்த வேலைக்கு முன்னுரிமை என்று சொல்வது பகுதி சபையின் வேலைகளில் ஒன்று. அங்கிருந்து வார்டு குழு, அங்கிருந்து மேலே. இப்போது அந்த நான்கு தேதிகளைப் பாருங்கள். பட்ஜெட் மார்ச்சையொட்டி வருகிறது. அதற்கு முன்பே துறைகள் தங்கள் தேவைகளை எழுதி அனுப்பி, வரிவிதிப்பு மற்றும் நிதிக்கான நிலைக்குழு பார்த்து முடித்திருக்கும், மன்றத்தில் விவாதம் நடப்பதெல்லாம் அச்சான புத்தகத்தின் மேல்தான். ஏப்ரல் 14 கூட்டத்தில் எழுந்து நின்று கால்வாய் கேட்டால், பணம் பிரித்து முடித்த வீட்டில் பங்கு கேட்கிறோம். செப்டம்பர் 15-ல் கேட்டால் மழை வரப்போகிறது, மாத முடிவோடு ரோடு வெட்டத் தடை வந்துவிடும், தூர்வாருவதைத் தவிர ஒன்றும் நடக்காது. டிசம்பர் 10-ல் எல்லோரும் முழங்கால் தண்ணீரைப் பற்றிப் பேசுவோம், உணர்ச்சி நிறைய இருக்கும், எழுத்தில் ஒன்றும் இருக்காது. ஆனால் டிசம்பரும் ஜனவரியும்தான் பணத்துக்கான கூட்டங்கள். அந்த ஜனவரிக் கூட்டத்தில்தான் நாங்கள் பாதி நேரம் நாயைப் பற்றிப் பேசினோம்.

பட்ஜெட் என்று ஒரு முறை வாயைத் திறந்தால் வேறு விதமான சண்டையும் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடி சங்கத்திலிருந்து வந்த ஒருவர், "நஷ்டத்துல ஓடற அம்மா உணவகத்தை மூடினாலே நம்ம ரோட்டுக்குப் பணம் வந்துடும்" என்றார். 2013-ல் இட்லி ஒரு ரூபாய் என்று தொடங்கிய திட்டம், செலவு மாநகராட்சியின் தலையில், வருமானம் செலவுக்குக் கிட்டேகூட வராது என்பது உண்மை. அவர் பேசி முடிப்பதற்குள், சுவர் ஓரமாக நின்றிருந்த ஒரு அக்கா, நாலைந்து வீட்டில் வேலை செய்பவர், "சார், காலைல நாலு வீடு முடிச்சிட்டு வர்றப்ப நாலு இட்லி நாலு ரூபாய்க்குத் துண்ணுட்டுத்தான் உங்க வீட்டுக்கு வரேன். அதை மூடினா நீங்க டிபன் குடுப்பீங்களா?" என்றார். அவர் வேலை செய்வது அந்த மனிதரின் வீட்டில்தான் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. மனிதர் உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்த அக்கா பக்கம்தான் நியாயம் இருப்பதாகப் பட்டது. ரோடு சரியில்லாததற்கு இட்லியைக் குற்றம் சொல்ல ஆரம்பித்தால் ஒப்பந்ததாரர்களுக்குத்தான் கொண்டாட்டம்.

அந்த அக்காதான் இன்னொன்றும் சொன்னார். மார்க்கெட் பக்கத்துப் பொதுக் கழிப்பறையில் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் இல்லை, பூட்டிவிடுகிறார்கள். அதுவரை எந்தச் சங்கத்தின் பட்டியலிலும் அது இல்லை, ஏனென்றால் சங்கத்து ஆட்கள் யாரும் அந்தக் கழிப்பறைக்குப் போவதில்லை. குடியிருப்போர் நலச் சங்கங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, நானும் ஒன்றில் சந்தா கட்டுகிறேன். ஆனால் கூட்டத்துக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் அறிவிப்புக் கொடுத்து, லீவு நாள் காலை பத்து மணிக்கு வைத்தால், லீவு நாளில்தான் அதிக வேலை இருக்கிற ஜனம் எப்படி வரும்? குடிசை மாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து அன்று வந்தவர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள். அவர்களுக்கு நோட்டீஸே ஒட்டவில்லை என்றார்கள்.

கூட்டம் முடிந்து டீக்கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்தோம். பெரியவர் பேனாவை எடுத்துவிட்டார். வேலைகளை வரிசைப்படுத்தி எழுதலாம் என்றார். அங்கேதான் உண்மையான கஷ்டம் ஆரம்பித்தது. புகார் என்றால் எல்லோரும் ஒற்றுமை, ஐம்பது புகாரை ஐம்பது பேர் எழுதலாம், யாருக்கும் யாரோடும் போட்டி இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போடச் சொன்னதும் முதல் தெருக்காரர் ரோடுதான் முதல் என்கிறார், நான்காவது தெருக்காரர் கால்வாய் என்கிறார், ஒருவர் பூங்காவுக்கு நடைபாதை, ஒருவர் சிசிடிவி. "உங்க தெருவுல தண்ணியே நிக்காது, நீங்க ரோடுதான் கேட்பீங்க" என்று ஒருவர் சொல்ல, "உங்க பக்கம் கால்வாயை மூடி ராம்ப் கட்டினது யாரு?" என்று மற்றவர் கேட்க, டீ ஆறிவிட்டது. மாநகராட்சி ஏன் எங்களுக்கு ஒன்றும் செய்வதில்லை என்று பத்து வருஷமாகக் கேட்கிற ஆட்கள், என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுத அன்று முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை அந்த அக்காவையும், குடியிருப்பிலிருந்து இரண்டு பேரையும் கூப்பிட்டிருந்தோம். ஒரு நூறடி டேப்பை எடுத்துக்கொண்டு விட்டுப்போன வடிகால் துண்டை நடந்து அளந்தோம். வழியில் சேம்பர் மூடி எது எது உடைந்திருக்கிறது, எந்த வீட்டின் கழிவுநீர்க் குழாய் மழைநீர் வடிகாலுக்குள் நைசாக விடப்பட்டிருக்கிறது என்பதும் கண்ணில் பட்டது. பட்டது என்று மட்டும் எழுதுகிறேன், அந்த வீட்டுக்காரரில் ஒருவர் எங்களோடுதான் டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தார். (மழைநீர் வடிகால் மாநகராட்சி, கழிவுநீர் குடிநீர் வாரியம். இரண்டும் ஒரே குழியில் கலந்துவிட்டால் இரண்டு பேரும் அடுத்தவரைக் காட்டுவார்கள், அதற்கு நாமும் நம் பங்குக்கு உதவி செய்கிறோம்.)

கடைசியில் ஒரே பக்கத்தில் எழுதி முடித்தோம். முதலில் வடிகால் இணைப்பு, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை என்று கதவு எண்ணோடு. இரண்டாவது, பொதுக் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும். மூன்றாவது ரோடு, ஆனால் வடிகால் முடிந்த பிறகு, மில்லிங் செய்த பிறகு, அதை எஸ்டிமேட்டிலேயே தனி வரியாகக் காட்ட வேண்டும் என்று. முதல் தெருக்காரருக்கு இன்னும் கோபம்தான், கையெழுத்துப் போடவில்லை. கழிப்பறை இரண்டாவது இடத்துக்கு வந்ததில் சிலருக்கு வருத்தம். அதற்கு என் ஓட்டும் உண்டு, திட்டுவதானால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.

மனுவைப் பகுதி சபை உறுப்பினர் வழியாக வார்டு குழுவுக்கும், ஒரு நகலை ஏ.ஈ.க்கும் கொடுத்தோம். ஏ.ஈ. வாங்கிப் பார்த்துவிட்டு, "நீளம் எல்லாம் போட்டிருக்கீங்களே" என்றார், சந்தோஷமா எரிச்சலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நகலில் 'பெறப்பட்டது' என்று முத்திரை வாங்கியிருக்கிறோம். இதனால் கால்வாய் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. பட்ஜெட் புத்தகத்தில் எங்கள் சந்தின் பெயர் எப்படியும் வராது, அதில் திட்டத் தலைப்புகள்தான் இருக்கும். ஆனால் அந்தத் தலைப்புக்குள் எந்தெந்தத் தெரு என்று மண்டலத்தில் பட்டியல் போடும்போது, அளவோடு எழுதிய ஒரு தாள் மேசையில் இருப்பதும் இல்லாததும் ஒன்றில்லை என்பது பெரியவரின் சர்வீஸ் அனுபவம். ஏப்ரல் 14 கூட்டத்தில் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி, இந்தத் தாள் எந்த மேசையில் இருக்கிறது என்பதுதான். கேள்வியை இப்போதே எழுதி வைத்துவிட்டார்.

இன்னும் ஒரு அவசரம் இருக்கிறது. இந்த மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதாவது வரப்போகும் பட்ஜெட்தான் இவர்கள் முழு வருஷமும் செலவு செய்யப்போகிற கடைசி பட்ஜெட். அதற்கு நடுவில் சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வேறு வரும், நடத்தை விதி வந்துவிட்டால் புது வேலைக்கு ஒர்க் ஆர்டர் கிடைக்காது. அதனால் எங்கள் வார்டுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் தெருவுக்கும் இப்படி ஒரு பக்கம் எழுதிக் கதவு எண், அளவு, கையெழுத்தோடு பிப்ரவரி முடிவதற்குள் வார்டு ஆபீஸில் கொடுங்கள். உங்கள் பகுதிக்கு உறுப்பினர் யார் என்றே தெரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள், பெயர்ப் பட்டியல் இருக்கிறது. நூறடி டேப் என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்ளலாம். நாய் விஷயத்துக்கு மட்டும் தயவுசெய்து 1913-க்கு அடியுங்கள்.